பட்டறையும் ஆய்வுக்கூடமும்: பதினெட்டாம் நூற்றாண்டில் பர்மிங்காம் வட்டாரம்

பதினெட்டாம் நூற்றாண்டு பிறந்தபோது சில ஆயிரம் மக்கள் வாழும் சந்தை ஊராக இருந்த பர்மிங்காம், 1801ஆம் ஆண்டு முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தபோது எழுபதாயிரம் பேரை ஒட்டிய பெருநகரமாக வளர்ந்திருந்தது. இங்கிலாந்தின் நடுப்பகுதியில், வாரிக்ஷையர், ஸ்டாஃபோர்ட்ஷையர், வூஸ்டர்ஷையர் ஆகிய மாவட்டங்கள் சந்திக்கும் இடத்தில் அமைந்த இந்த நகரத்திலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் உலோகத் தொழில், வேதியியல், மருத்துவம், எந்திரவியல் ஆகியவை ஒன்றையொன்று வளர்த்த விதம் தொழிற்புரட்சியின் வரலாற்றில் தனி இடம் பெற்றுள்ளது. அறிஞர் கண்டுபிடித்ததைத் தொழிலாளி பின்னர் நடைமுறைப்படுத்தினார் என்ற எளிய விளக்கம் இந்த வட்டாரத்துக்குப் பொருந்தாது. இங்கே பட்டறையில் எழுந்த கேள்வி ஆய்வுக்கூடத்துக்குச் சென்றது, ஆய்வுக்கூடத்துக்கு வேண்டிய கருவி பட்டறையிலிருந்து வந்தது.

இதற்கு வழிவிட்ட முதற்காரணம் ஓர் இல்லாமையே ஆகும். அரச சாசனம் பெற்ற பழைய நகரங்களில் நகராட்சி மன்றங்களும், யார் எந்தத் தொழிலைச் செய்யலாம் என்று வரையறுத்த தொழிற்குழாம்களும் அதிகாரம் செலுத்திவந்தன. பர்மிங்காமுக்கோ சாசனமும் இல்லை, புதிதாக வருபவரைத் தடுக்கும் தொழிற்குழாமும் இல்லை. அரசுத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபையை ஏற்காத புராட்டஸ்டண்டு கிறித்தவர்கள் ‘டிஸ்சென்டர்கள்’ எனப்பட்டனர். பதவியிழந்த அவர்களுடைய போதகர்கள் சாசன நகரங்களுக்கு ஐந்து மைல் தூரத்துக்குள் வரக்கூடாது என்று 1665ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்ததால், சாசனம் இல்லாத இந்த ஊர் அவர்களுக்குப் புகலிடமாயிற்று. அரசுப் பதவிகளும் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பட்டங்களும் மறுக்கப்பட்ட இவர்கள் வணிகத்திலும் தொழிலிலும் ஊக்கத்துடன் இறங்கினர். தங்கள் பிள்ளைகளுக்காகத் தாங்களே நடத்திய கல்விக்கூடங்களில் கணிதத்துக்கும் இயற்கை அறிவியலுக்கும் முதன்மை தந்தனர்.

வட்டாரத்தின் மண்ணும் தொழிலுக்குத் துணை நின்றது. வெட்னஸ்பரி, டிப்டன், டட்லி பகுதிகளில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கிடைத்தன. மேற்கே, ஷ்ரோப்ஷையரின் கோல்புரூக்டேலில், ஆபிரகாம் டார்பி 1709இல் விறகுக்கரிக்குப் பதிலாகக் கல்கரியை, அதாவது சுட்டு மாசு நீக்கிய நிலக்கரியை, இட்டு இரும்பை உருக்குவதில் வெற்றி கண்டார். ஆனால் பர்மிங்காமை ஒட்டிப் படகு செல்லத்தக்க ஆறு எதுவும் இல்லாததால், நிலக்கரி சேறும் பள்ளமுமான சாலைகளில் வண்டிகளிலேயே வரவேண்டியிருந்தது. பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லியின் திட்டப்படி வெட்டப்பட்ட கால்வாய் 1769இல் வெட்னஸ்பரி சுரங்கங்களைப் பர்மிங்காமோடு இணைத்த பிறகு, நகரில் நிலக்கரியின் விலை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. சிறு பட்டறைக்காரர்கள்கூட உலையை நாள் முழுதும் எரியவிட முடிந்தது.

அந்தப் பட்டறைகளின் சரக்கை அக்கால ஆங்கிலேயர் பொதுவாக ‘டாய்’ என்றே அழைத்தனர். பொத்தான், காலணியில் மாட்டும் பக்கிள், பொடி டப்பி, கைக்கடிகாரச் சங்கிலி போன்ற சிறு உலோகப் பொருள்கள் அனைத்தும் அந்தப் பெயருக்குள் அடங்கின. ஒரு கில்ட் பொத்தான் உருவாகும் வழியைப் பார்த்தாலே இந்தத் தொழிலின் இயல்பு விளங்கும். பித்தளைத் தகட்டிலிருந்து வட்டத் துண்டுகளை ஒருவர் கை அழுத்தியால் வெட்டி எடுப்பார். இன்னொருவர் அச்சு வார்ப்பின்மேல் வைத்து வடிவம் பதிப்பார். வேறொருவர் பின்புறம் கம்பி வளையத்தைப் பற்றவைப்பார். பிறகு தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்த கலவை பூசப்பட்டு, சூட்டில் பாதரசம் ஆவியாகித் தங்கம் மட்டும் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் கடினக் கல்லால் தேய்த்து மெருகேற்றப்படும். ஒவ்வொரு வேலையும் தனித்தனிக் கைகளுக்குப் பிரித்துத் தரப்பட்டதால் பொத்தான் மலிந்தது. பெண்களும் சிறுவர்களும் பெருமளவில் இந்த வேலைக்கு அமர்த்தப்பட்டனர். அந்தப் பாதரச ஆவியைச் சுவாசித்துக் கை நடுங்கி உடல் கெட்ட தொழிலாளர்களும் இந்த மலிவின் விலையில் ஒரு பகுதியே என்பதை மறக்கலாகாது.

இத்தகைய பொத்தான், பக்கிள் தொழிலில் பிறந்து வளர்ந்த மாத்யூ போல்டன் (1728–1809), பர்மிங்காமுக்கு வடமேற்கே ஹேண்ட்ஸ்வர்த்தில் சோஹோ தொழிற்கூடத்தை நிறுவி 1766இல் கட்டி முடித்தார். ஊரெங்கும் சிதறிக்கிடந்த தொழில்களை ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்த அந்தக் கூடத்தில் பல நூறு பேர் வேலை பார்த்தனர். அவர் வெள்ளிப் பாத்திரங்கள் செய்யத் தொடங்கியபோது, தூய்மைக்கான அரசு முத்திரை பெற ஒவ்வொரு பொருளையும் தொலைவிலிருந்த செஸ்டருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. வழியில் பொருள் சேதமாவதும் காலம் வீணாவதும் கண்டு, நாடாளுமன்றத்தில் ஆதரவு திரட்டி, 1773இல் பர்மிங்காமுக்கே ஒரு முத்திரை நிலையத்தைப் பெற்றுத் தந்தார். நாடாளுமன்றத்தில் தனக்கென ஓர் உறுப்பினரும் இல்லாத ஊர், தன் தொழிலதிபர்களின் முயற்சியாலேயே அரசைத் தன் பக்கம் திருப்பக் கற்றது.

போல்டனுடைய பெயரோடு பிரிக்கமுடியாமல் இணைந்தது ஜேம்ஸ் வாட்டின் நீராவி எஞ்சின். தாமஸ் நியூகோமன் உருவாக்கி 1712இல் டட்லி அருகே நிறுவிய பழைய எஞ்சினில், நீராவியை அது நிறைந்த உருளைக்குள்ளேயே குளிர்நீர் தெளித்துச் சுருக்கினர். ஒவ்வொரு வீச்சுக்கும் உருளை குளிர்ந்து மீண்டும் சூடாக வேண்டியிருந்ததால் எரிபொருள் பெருமளவில் வீணாயிற்று. நீராவியைத் தனியொரு கலத்துக்குள் செலுத்திக் குளிர்வித்தால் உருளை எப்போதும் சூடாகவே இருக்கும் என்ற எண்ணம் 1765இல் கிளாஸ்கோவில் வாட்டுக்குத் தோன்றியது. 1769இல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. ஆனால் காற்றுப் புகாதபடி துல்லியமாகக் குடைந்த பெரிய இரும்பு உருளை இல்லாமல் அந்த எண்ணம் செயலுக்கு வரவில்லை. பீரங்கிக் குழல் குடைவதற்காக ஜான் வில்கின்சன் 1774இல் காப்புரிமை பெற்ற முறையே அந்தத் தடையை நீக்கியது. 1774இல் பர்மிங்காமுக்குக் குடிபெயர்ந்த வாட், போல்டனோடு கூட்டுச் சேர்ந்தார்; 1776இல் டிப்டன் அருகே ப்ளூம்ஃபீல்டு சுரங்கத்தில் அவர்களுடைய எஞ்சின் நீர் இறைக்கத் தொடங்கியது. பழைய எஞ்சினோடு ஒப்பிட்டால் மிச்சமாகும் எரிபொருளின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கே அவர்கள் கேட்ட கட்டணம் என்பதால், நிலக்கரி விலை மிகுந்த கார்ன்வால் சுரங்கங்களில் இந்த எஞ்சினுக்குத் தேவை பெருகியது. அந்தக் கட்டணத்தைச் சுரங்க உரிமையாளர்கள் எதிர்த்ததால் வழக்குகளும் எழுந்தன.

இந்த மனிதர்களை ஒருங்கிணைத்தது ‘லூனார் சொசைட்டி’ என்ற நண்பர் குழு. முழுநிலாவை ஒட்டிய நாளில் கூடினால் இருட்டுச் சாலையில் வீடு திரும்புவது எளிது என்பதால் அந்தப் பெயர் வந்தது. லிச்ஃபீல்டின் மருத்துவர் எராஸ்மஸ் டார்வின், அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஆசிரியராக இருந்து திரும்பிய வில்லியம் ஸ்மால், டிப்டனில் சோப்புக்கான காரம் தயாரித்த வேதியியலாளர் ஜேம்ஸ் கீர், குயவர் ஜோசையா வெட்ஜ்வுட், மருத்துவர் வில்லியம் விதரிங், 1780இல் பர்மிங்காமுக்கு வந்த போதகரும் வேதியியலாளருமான ஜோசப் பிரீஸ்ட்லி ஆகியோர் இதன் முக்கிய உறுப்பினர்கள். அலுவலகமும் நடவடிக்கைக் குறிப்பேடும் இல்லாத இந்தக் குழுவின் செயல்பாட்டை அவர்களுடைய கடிதங்களிலிருந்தே அறிய முடிகிறது.

அந்தத் தொடர்பின் பயனுக்கு வெட்ஜ்வுட் சிறந்த சான்று. ஸ்டாஃபோர்ட்ஷையரின் வடபகுதியில் 1769இல் எட்ரூரியா தொழிற்கூடத்தைத் திறந்த அவர், சூளையின் வெப்பத்தை நிறம் பார்த்து ஊகிப்பதில் நிறைவடையாமல், சிறு களிமண் துண்டுகள் சூட்டில் எவ்வளவு சுருங்குகின்றன என்பதைக் குறுகிச் செல்லும் அளவுக்குழியில் இட்டு அளக்கும் வெப்பமானியை உருவாக்கினார். 1782இல் ராயல் சொசைட்டியில் அது விளக்கப்பட்டது. பிரீஸ்ட்லியின் ஆய்வுகளுக்கு வேண்டிய வெப்பம் தாங்கும் மண்கலங்களும் குழாய்களும் எட்ரூரியாவிலிருந்தே சென்றன. விதரிங்கோ, ஷ்ரோப்ஷையரின் நாட்டு மருந்தொன்றில் இருந்த ஃபாக்ஸ்குளோவ் செடியைப் பத்தாண்டுகள் நோயாளிகளிடம் சோதித்து, அளவு மிஞ்சினால் வரும் தீமைகளையும் மறைக்காமல் 1785இல் நூலாக வெளியிட்டார். இதயநோய்க்குத் தரப்படும் டிஜிட்டாலிஸ் மருந்தின் வரலாறு அதிலிருந்தே வளர்ந்தது.

ஆயினும் இந்த வட்டாரத்தின் செல்வம் தூய்மையானதன்று. பர்மிங்காமின் துப்பாக்கிகள் ஆப்பிரிக்கக் கரையில் அடிமை வணிகத்துக்குப் பண்டமாற்றுப் பொருளாயின. அதில் ஈடுபட்ட சாமுவேல் கால்டன் லூனார் குழுவின் உறுப்பினராகவும், போரை மறுக்கும் குவேக்கர் சபையைச் சேர்ந்தவராகவும் இருந்தார். ஆயுதத் தொழிலைக் கைவிடாததால் 1796இல் அந்தச் சபை அவரை விலக்கியது. அதே குழுவின் வெட்ஜ்வுட் 1787இல், விலங்கிட்ட ஆப்பிரிக்கர் மண்டியிட்டு நிற்கும் பதக்கத்தைச் செய்து அடிமை ஒழிப்பு இயக்கத்துக்கு வழங்கினார். ஒரே வட்டத்துக்குள் இரண்டும் இருந்தன என்பதை வரலாறு ஒளிக்காமல் பதிவு செய்ய வேண்டும்.

அறிவு வளர்ந்த அளவுக்கு ஊரின் ஒற்றுமை வளரவில்லை என்பதை 1791 ஜூலை காட்டியது. டிஸ்சென்டர்களுக்குச் சம உரிமை கேட்டும் பிரெஞ்சுப் புரட்சியை வரவேற்றும் எழுதிய பிரீஸ்ட்லியின்மேல் சினம் மூண்டிருந்த வேளையில், பாஸ்டில் வீழ்ச்சியின் ஆண்டு நினைவாக ஜூலை 14இல் நடந்த விருந்தைத் தொடர்ந்து கலகம் வெடித்தது. டிஸ்சென்டர் வழிபாட்டுக் கூடங்களும், பிரீஸ்ட்லியின் வீடும் நூலகமும் ஆய்வுக்கூடமும் அழிக்கப்பட்டன. படைகள் வரும்வரை மூன்று நாள் கலகம் நீடித்தது. 1794இல் பிரீஸ்ட்லி அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார்; லூனார் குழுவும் அதன்பின் மெல்லத் தளர்ந்தது.

தொழிலோ தொடர்ந்தது. 1788இல் போல்டன் சோஹோவில் நிறுவிய நாணயச்சாலை, நீராவியால் இயங்கும் அழுத்திகளில் ஒரே அளவும் எடையும் கொண்ட, கள்ள நாணயக்காரர் போலி செய்வதற்கரிய செப்புக் காசுகளை அடித்தது. சென்னை மாகாணத்துக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி 1803இலும் 1808இலும் வெளியிட்ட செப்புக் காசுகளும் அங்கேதான் அச்சாயின. அவற்றுள் 1808ஆம் ஆண்டுக் காசுகளை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையை ஒட்டிய குட்வின் மணல்திட்டில் மூழ்கியது.

பர்மிங்காம் வட்டாரத்தின் எழுச்சியைத் தனியொரு மேதையின் கொடையாகவோ நிலக்கரியின் தற்செயலாகவோ காண்பது போதாது. தொழில் செய்வோருக்குத் தடையில்லாத ஊர், கையால் அறிந்தவரும் ஏட்டால் அறிந்தவரும் சமமாக உரையாடிய நட்பு, அளந்தும் சோதித்தும் பார்த்தே நம்பும் பழக்கம் ஆகிய மூன்றும் கூடியதே அந்த எழுச்சியின் வேர். அந்த உரையாடலில் பொத்தான் பட்டறைப் பெண்ணுக்கோ துப்பாக்கிக்கு விற்கப்பட்ட ஆப்பிரிக்கருக்கோ இடம் இருக்கவில்லை என்பதே அதன் எல்லை. சாதனையையும் எல்லையையும் ஒருசேர மதிப்பிடும்போதுதான் அந்த நூற்றாண்டுக்கு நியாயம் செய்தவர்களாவோம்.