சிப்பிமேட்டில் ஆற்றுக்கல்: பேராக், பினாங்குக் கரையோரத் தொல்குடிகளின் கல் தேட்டம்

மலேசியாவின் பேராக் மாநிலக் கடலோரம் பெரும்பாலும் சேற்று நிலம். மாத்தாங் அலையாத்திக் காடு மட்டுமே ஏறத்தாழ 40,000 ஹெக்டேர். அங்கே மீன், நண்டு, சிப்பி எதற்கும் குறைவில்லை. ஆயுதம் தட்டத் தக்க கல்தான் அரிது. கரையோரத் தொல்குடிகளின் கல் எங்கிருந்து வந்தது என்பதை உள்நாட்டிலிருந்தே தேட வேண்டியிருக்கிறது.

உள்நாட்டிலும் எல்லாக் கல்லும் ஆயுதமாகாது. ஈப்போவைச் சூழ்ந்த சுண்ணாம்புக் குன்றுகள் குடியிருக்கக் குகை தந்தன; தம்புனில் ஓவியம் தீட்டப் பாறைச்சுவரும் தந்தன. ஆனால் சுண்ணாம்புக்கல்லின் விளிம்பு விரைவில் மழுங்கும். மலைத்தொடரின் கிரானைட், பருமணிகளால் ஆனது; தட்டினால் கூரிய செதிலாகப் பெயராமல் பொடிந்து உதிரும். வேண்டியது குவார்ட்சைட் போன்ற இறுகிய கல். அதை மலையிலிருந்து பெயர்த்துத் தரும் வேலையை ஆறே செய்தது. விரிசல் கண்ட கல் வெள்ளத்தில் உருளும்போதே உடைந்துபோகும். தப்பி வந்த கூழாங்கல் உறுதியானது. பொறுக்கக் குனிந்தவருக்குப் பாதித் தேர்வு முன்பே முடிந்திருந்தது.

லெங்கோங் பள்ளத்தாக்கின் கோத்தா தம்பான் இதற்குச் சிறந்த சான்று. 1938இல் கோலிங்ஸ் வெளிப்படுத்திய இவ்விடத்தை 1954இல் ஆன் சீவ்கிங்கும், 1987இல் சுரைனா மஜித்தும் அகழ்ந்தனர். அடைகல், சுத்தியல் கல், செதில் பெயர்த்தெடுத்த கருக்கல், செதில், கழிவுத்துண்டு எல்லாம் ஒருசேரக் கிடைத்ததால் அது பட்டறை என்பது உறுதியானது. தோபா எரிமலைச் சாம்பலைக் கொண்டு அதன் காலம் ஏறத்தாழ 74,000 ஆண்டுகள் எனக் கணிக்கப்பட்டது. மூலக்கல்லான கூழாங்கல் கிடைத்த இடத்திலேயே பட்டறை அமைந்தது கவனிக்கத்தக்கது. அதே பள்ளத்தாக்கின் குனுங் ருந்துக் குகையில், 10,000 ஆண்டுகளுக்கு முந்திய 'பேராக் மனித'னின் புதைகுழியிலும் கல்லாயுதங்கள் இருந்தன. இறந்தவனுக்கும் வேண்டிய பொருளாகக் கல் மதிக்கப்பட்டது.

கடலோரத்தில் நிலை வேறு. பினாங்கு மாநிலத்தில், மூடா ஆற்றுக்கு அருகிலுள்ள குவார் கெப்பா சிப்பிமேடுகளை, அதாவது உண்டு எறிந்த சிப்பி ஓடுகளின் குவியல்களை, 1934இல் வான் ஸ்டைன் காலன்ஃபெல்ஸ் அகழ்ந்தார். அங்கே தட்டிய கல்லாயுதங்களோடு அரைக்கும் கற்களும் கிடைத்தன. சமவெளியில் ஆறு வேகம் இழந்து கூழாங்கல்லை மேலேயே விட்டுவிடும்; கழிமுகத்துக்கு வந்து சேர்வது மணலும் வண்டலுமே. ஆகவே அம்மேட்டில் கிடந்த கற்கள் மனிதர் கொண்டுவந்தவை என்றே கொள்ள வேண்டும். ஆற்றை எதிர்த்து மேலே சென்று எடுத்திருக்கலாம்; உள்நாட்டாரிடம் சிப்பியோ மீனோ கொடுத்து மாற்றியும் இருக்கலாம். ஆறே நீர்வழியாகவும் இருந்ததால் முதல் வழியே இயல்பாகத் தோன்றுகிறது. தூத்துக்குடித் தேரிகளின் செம்மணலில் கிடைத்த குவார்ட்ஸ், செர்ட் நுண்கருவிகளுக்கும் இதே கேள்வி பொருந்தும். மணல்மேடு கல்லை விளைவிப்பதில்லை.

குவார் கெப்பாவில் கிடைத்த மனித எலும்புகள் நெடுங்காலம் ஆராயப்பட்டு வந்திருக்கின்றன. 2017இல் மற்றோர் எலும்புக்கூடும் அங்கே வெளிப்பட்டது. அதே கவனம் கற்களுக்கும் வேண்டும். அவற்றை மெல்லிய சீவலாக அறுத்து, மூடா, பேராக், கிந்தா ஆறுகளின் கூழாங்கற்களோடு நுண்ணோக்கியில் ஒப்பிட்டாலே கல் வந்த வழி தெளிவாகும். அப்பணியை மலேசியப் பல்கலைக்கழகங்கள் ஏற்க வேண்டும்.