பிடி ஆடினால் கை சுடும்: ராஜாவின் சிலையை உருக்கிய பிள்ளைகள்

 

போன கிழமை தரம் 11 பிள்ளைகளுக்கு அமெரிக்கச் சுதந்திரப் போர் படிப்பித்துக்கொண்டிருந்தேன். இடையில், பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு கதையைச் சொன்னேன். கதை முடிந்ததும் பின் வாங்கிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "சேர், அந்தச் சின்னப் புள்ளைக்கு கை சுடல்லியா?"

உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் கதை. நியூயோர்க் நகரில் பௌலிங் கிரீன் என்ற இடத்தில், இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜோர்ஜ் குதிரையில் இருப்பதுபோல ஒரு சிலை 1770இல் வைக்கப்பட்டது. ஈயத்தில் வார்த்து, மேலே தங்கம் பூசிய சிலை. 1776 ஜூலை 9ஆம் திகதி சுதந்திரப் பிரகடனம் அந்நகரில் இருந்த படையினருக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அன்றிரவே ஒரு கூட்டம் கயிறு கட்டி அந்தச் சிலையை இழுத்து விழுத்தியது.

போராளிகளிடம் ஈயத்துக்குப் பெரிய தட்டுப்பாடு. ஆகவே சிலையின் துண்டுகளில் பெரும்பகுதி கனெக்டிகட் மாநிலத்தின் லிச்பீல்ட் என்ற ஊருக்குப் போனது. அங்கே ஒலிவர் வொல்காட் என்பவரின் வீட்டில் வைத்து அதை உருக்கினார்கள். இவர் சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவர்களில் ஒருவர்.

உருக்கி வார்த்தவர்கள் யார் தெரியுமா? பெண்களும் பிள்ளைகளும். வொல்காட் வைத்திருந்த கணக்கில் அது பெயர் பெயராக இருக்கிறது.

ரூத் மார்வின் 11,592. வொல்காட்டின் மகள் மேரி ஆன் 10,790. இன்னொரு மகள் லோரா 8,378. திருமதி மார்வின் 6,058. திருமதி பீச் 1,802. வொல்காட்டின் மகன் பிரடரிக் 936. வேறு பலர் சேர்ந்து 2,182. ஊர்ப் படைக்குக் கொடுத்தது 50, ஒரு படைப்பிரிவுக்குக் கொடுத்தது 300. எல்லாம் கூட்டினால் 42,088 தோட்டாக்கள். நானும் பிள்ளைகளும் கரும்பலகையில் கூட்டிப் பார்த்தோம், ஒன்றுகூடப் பிசகவில்லை.

அப்போது மேரி ஆனுக்கு வயது 11. பிரடரிக்குக்கு 8. நம்மட பாடசாலையில் என்றால் ஒருவர் தரம் 6, மற்றவர் தரம் 3.

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம்.

ஈயம் உருக 327 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். கொதிக்கும் நீரைவிட மூன்று மடங்குக்கும் மேல். அதைக் கரண்டியால் அள்ளி அச்சில் ஊற்ற வேண்டும். அச்சு என்பது குறடுபோல இரண்டு பாதி. மூடினால் உள்ளே உருண்டைக் குழி, திறந்தால் குண்டு கீழே விழும். நூறு தடவை ஊற்றினால் அச்சும் நெருப்பாகிவிடும்.

அக்காலத்தில் தனியாள் வைத்திருந்த சிறிய அச்சுகள் பலவற்றில் பிடியும் இரும்புதான். துணியோ தோலோ சுற்றித்தான் பிடிக்க வேண்டும். ஒரே நேரத்தில் பல குண்டுகள் வார்க்கும் பெரிய பித்தளை அச்சுகளுக்கு மரப்பிடி போட்டார்கள். மரம் வெப்பத்தை இலகுவில் கடத்தாது, கை தப்பும்.

ஆனால் மரப்பிடியிலும் ஒரு சிக்கல். பிடிக்குள் ஏறியிருக்கும் இரும்பு முனை சூடாகி, சுற்றியுள்ள மரத்தை உள்ளேயே கருக்கும். மரத்தில் இருந்த ஈரம் வற்றி மரமும் சுருங்கும். கருகிய பகுதி பொடியாகி உதிர, துளை பெருக்கும். சில நாட்களில் பிடி ஆடத் தொடங்கும்.

பிடி ஆடினால் அச்சின் இரண்டு பாதியும் நேராகப் பொருந்தாது. குண்டின் ஓரத்தில் தகடு போல ஈயம் பிதுங்கி நிற்கும். அதைச் சீவாமல் விட்டால் துப்பாக்கிக் குழலில் சிக்கும். அதைவிட மோசம், ஊற்றும்போது பிடி சுழன்றால் ஈயம் கையில்தான்.

நம்மட வீடுகளில் மண்வெட்டிப் பிடி ஆடினால் என்ன செய்வோம்? இரவு தண்ணீரில் ஊறப் போடுவோம். மரம் ஊதி இறுகும். என்ட வாப்பாவும் அப்படித்தான் செய்வார். ஆனால் இந்த வைத்தியம் ஈய அச்சுக்கு ஆபத்து. சூட்டில் மரம் மறுபடி காய்ந்து முன்பைவிடத் தளரும். அதோடு, உருகிய ஈயத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போனாலும் அது நொடியில் ஆவியாகி ஈயத்தை முகத்துக்கு அடிக்கும். கத்திப் பிடிக்குப் போடும் அரக்கும் சரிவராது, சூட்டில் இளகிவிடும்.

சரியான வழி வேறு. கருகியதைச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காய்ந்த மரச் சீவல்களைத் துளைக்குள் வைத்து, இரும்பு முனையை இறுக்கி அடிக்க வேண்டும். பிடியின் வாயில் ஒரு பூண் போட வேண்டும், இல்லாவிட்டால் மரம் பிளக்கும். பிறகு மரத்தையும் இரும்பையும் சேர்த்துக் குறுக்கே துளைத்து ஓர் ஆணி. மரம் சுருங்கினாலும் அந்த ஆணி பிடியைக் கழலவும் சுழலவும் விடாது. அச்சுக்கும் மரத்துக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டால் இன்னும் நல்லது.

ஆகவே மகளே, உன் கேள்விக்கு என் பதில்: 936 தோட்டா செய்த எட்டு வயதுப் பிள்ளைக்குக் கை சுடாமல் இருந்திருந்தால், பிடியை ஒழுங்காகப் பார்த்துக்கொண்ட ஒருவர் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். வொல்காட்டின் கணக்கில் குண்டுகளின் எண்ணிக்கை இருக்கிறது. சுட்ட விரல்களுக்குக் கணக்கு இல்லை.

இதை வீரக் கதையாக மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஈயம் பிள்ளைகளின் மூளைக்கும் நரம்புக்கும் நஞ்சு என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். யுத்தம் ஒரு வீட்டுக்குள் வந்தால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் அது ஒரு வேலையைக் கொடுத்துவிடும். இது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய பாடம் அல்ல.

சிலையை இழுத்து விழுத்திய காட்சியைப் பிற்காலத்தில் ஓவியர்கள் வரைந்தார்கள். அச்சைப் பிடித்து நின்ற ரூத் மார்வினுக்கு மிஞ்சியது அந்தக் கணக்கில் ஒரு வரி. வரலாறு படிக்கும் பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: சிலை விழுந்த இடத்தோடு நின்றுவிடாதீர்கள். அந்த ஈயத்தை யாருடைய கைகள் வார்த்தன என்றும் கேளுங்கள். பின் வாங்குப் பிள்ளை கேட்டதுபோல.