பழைய ஷீட் எங்கே போகும்? லிந்துலையில் கூரை மாற்றுமுன் பாஸிடம் கேட்க வேண்டியவை

தலவாக்கலையிலிருந்து லிந்துலை வழியாக நுவரெலியாவுக்குப் போகும் வீதியில் நின்று கீழே பார்த்தால் லயன் கூரைகள் தெரியும். துருப்பிடித்த தகரம், பாசி படிந்த அஸ்பெஸ்டஸ், காற்றுக்குப் பறக்காமல் இருக்க மேலே வைத்த கல், பழைய டயர், மண் மூட்டை. மீள்குடியேற்ற நாட்களில் வன்னியின் தகரக் கொட்டில்களில் இருந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. அங்கே வெயில் கொன்றது. இங்கே குளிரும் ஒழுக்கும்.

இந்திய உதவியில் மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. இன்னும் பல குடும்பங்கள் லயனில்தான். சேர்த்த காசில் கூரையையாவது மாற்றலாம் என்று நினைப்பவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

தேயிலையும் அஸ்பெஸ்டஸும்

உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், எல்லா வகை அஸ்பெஸ்டஸையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியுள்ளது. நுண்ணிழைகள் மூச்சோடு நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். நோய் வெளியே தெரிய இருபது, முப்பது ஆண்டுகள்கூட ஆகலாம்.

இலங்கை 2018 முதல் அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி, 2024இல் முற்றாக நிறுத்தத் திட்டமிட்டிருந்தது. 2017 டிசம்பரில், ஒரு தேயிலைப் பொதியில் கப்ரா வண்டு காணப்பட்டதாகக் கூறி ரஷ்யா இலங்கைத் தேயிலையைத் தற்காலிகமாகத் தடைசெய்தது. இலங்கைக்கு அஸ்பெஸ்டஸ் அனுப்பும் பிரதான நாடும் ரஷ்யாதான். அதே நாட்களில் கொழும்பு அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாட்டை ஒத்திவைத்தது. மாதம் முடிவதற்குள் தேயிலைத் தடையும் நீங்கியது. கொழுந்து பறிப்பவர்களின் தலைக்கு மேல் எது இருக்க வேண்டும் என்ற கேள்வி, அவர்கள் பறித்த கொழுந்தின் சந்தையோடு சேர்ந்தே தீர்க்கப்பட்டது.

முதலில் அனுமதி

லயன் தோட்டத்தின் சொத்து. கூரையில் கைவைக்கும் முன் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் பெறுங்கள். செலவில் ஒரு பகுதியையாவது நிர்வாகம் ஏற்குமா என்று தொழிற்சங்கத் தலைவர் மூலம் கேளுங்கள். லயன் கூரை ஒரே நீளம் என்பதால் உங்கள் ஷீட்டைக் கழற்றினால் பக்கத்து வீட்டில் ஒழுகும். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து செய்வது நல்லது, கூலியும் குறையும்.

உடையாத, வெடிக்காத அஸ்பெஸ்டஸ் உடனடி ஆபத்தல்ல. அதை வெட்டுவது, துளைப்பது, உடைப்பது, தேய்த்துக் கழுவுவதுதான் ஆபத்து. நல்ல நிலையில் இருந்தால், காசு சேரும்வரை தொடாமல் விடுங்கள்.

பாஸிடம் ஐந்து கேள்விகள்

1. பழைய ஷீட்டை எப்படிக் கழற்றுவீர்கள்? தண்ணீர் தெளித்து நனைத்து, கொக்கிகளைக் கழற்றி, முழுசாக இறக்குவேன் என்பதே சரியான பதில். சுத்தியலால் உடைத்துக் கீழே போடுபவர் வேண்டாம். துணியோ சாதாரண முகக்கவசமோ நுண்ணிழையைத் தடுக்காது. எஃப்.எஃப்.பி. 3 அல்லது பி 100 வகை வேண்டும். சிறுவர்கள் அன்று அங்கே நிற்கக்கூடாது.

2. அது எங்கே போகும்? தடித்த பொலித்தீனில் சுற்றிக் கட்ட வேண்டும். கோழிக்கூட்டுக்கோ, பாதையில் பரப்பவோ, ஓடைக்கரையில் போடவோ கூடாது. எங்கே ஒப்படைப்பது என்று உள்ளூராட்சி சபையிடமும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடமும் வேலைக்கு முன்பே கேளுங்கள்.

3. எங்கே மிதிப்பீர்கள்? பழைய அஸ்பெஸ்டஸ் ஆளின் பாரம் தாங்காது. குறுக்கே பலகை போட்டு, இடுப்பில் கயிறு கட்டித்தான் ஏற வேண்டும்.

4. காற்றுக்கு என்ன செய்வீர்கள்? கல்லும் டயரும் பதிலல்ல. உக்கிய கைமரத்தையும் சலாகையையும் மாற்றி, கைமரத்தைச் சுவரோடு இரும்புப் பட்டியால் கட்டி, ரப்பர் வாஷர் உள்ள திருகாணியால் ஷீட்டை இறுக்க வேண்டும்.

5. குளிருக்கும் வியர்வைக்கும் என்ன? தகரத்தின் அடியில் இரவில் நீர் கோர்த்துச் சொட்டும். அடியில் காப்புத் தாள் விரித்தால் குளிரும் மழைச் சத்தமும் குறையும். விறகடுப்பு இருந்தால் புகை போக வழி விடாமல் கூரையை அடைக்கக்கூடாது.

எந்தக் கூரை?

ஓடு அழகு, நீடிக்கும். ஆனால் சதுர மீற்றருக்கு நாற்பது கிலோ அளவில் பாரம். பழைய லயன் சுவரும் மரமும் தாங்குமா என்று பார்க்க வேண்டும். நாகமும் அலுமினியமும் பூசிய உருக்குத் தகடு அதில் பத்தில் ஒரு பங்கு பாரம்தான். லயனுக்குப் பெரும்பாலும் அதுவே பொருந்தும். கிளிநொச்சி வெயிலுக்கு வெள்ளை நிறக் கூரை பெரிய உதவி. லிந்துலையில் நிறத்தைவிடக் காப்புத் தாளுக்குச் செலவழிப்பதே பயன்.

வேலைக்கு ஏற்ற காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. மே மாதக் கடைசியில் தென்மேல் பருவமழை தொடங்கிவிடும். ஷீட்டின் தடிப்பு, அளவு, கூலி, முடிக்கும் நாள், பழைய ஷீட்டை அகற்றும் பொறுப்பு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். முழுக் காசையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். ஒரு மழை பெய்து, ஒழுகவில்லை என்று பார்த்த பிறகு கடைசிப் பங்கைக் கொடுங்கள்.