எண்டோமெட்ரியோசிஸ்: வரலாறும் குழந்தைப்பேறும், மீன்சுருட்டி வட்டாரத்தை முன்வைத்து

எண்டோமெட்ரியோசிஸ் என்பது கருப்பையின் உட்சவ்வை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே சூலகம், கருக்குழாய், வயிற்று உறை, குடலின் மேற்பரப்பு ஆகிய இடங்களில் படர்ந்து வளரும் நீடித்த நோய். மாதந்தோறும் ஹார்மோன்களின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப அத்திசு தடித்துக் கசிந்து, வீக்கத்தையும் தழும்பையும் உண்டாக்குகிறது. இனப்பெருக்க வயதுப் பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதத்தினர், உலக அளவில் சுமார் 19 கோடிப் பேர், இதற்கு ஆளாவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. மாதவிலக்கு நாட்களில் தாங்க முடியாத வலி, உடலுறவின்போதும் மலம் கழிக்கும்போதும் வலி, குழந்தைப்பேறு தள்ளிப்போதல் ஆகியவை முதன்மை அடையாளங்கள். எந்த அடையாளமும் இல்லாதவர்களும் உண்டு. இந்நோயின் வரலாறு பெருமளவுக்கு அதைக் காண உதவிய கருவிகளின் வரலாறே. ஆகவே அரியலூர் மாவட்டத்தின் மீன்சுருட்டி போன்ற ஊர்களில் இது அரிதென்று தோன்றினால், அங்கே யார் எதைக் கொண்டு தேடினார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

சித்த மருத்துவ மரபு சூதக வலியையும் பெரும்பாட்டையும் மலட்டையும் தனித்தனியே பேசுகிறது. அவற்றுள் எது இந்நோய் என்று இன்று பிரித்துச் சொல்வது கடினம். பழங்கால மேலை மருத்துவ ஏடுகளிலேயே இதன் சாயல் உண்டு என்று 2012இல் நெசாட் முதலியோர் வாதிட்டனர். அறிகுறிகளை மட்டும் வைத்து அவ்வாறு முடிவுகட்டலாகாது என்பது எதிர்த்தரப்பு. 1860இல் வியன்னாவின் ரோகிடான்ஸ்கி இதை முதலில் விவரித்தார் என்பது பரவலான கூற்று. அவர் கண்டது வேறு நோய் என்போரும் உளர்.

உறுதியான சான்று அமெரிக்காவின் ஆல்பனி நகரில் பணியாற்றிய ஜான் சாம்ப்சனிடம் தொடங்குகிறது. சூலகத்தில் தோன்றும் இரத்தக் கட்டிகளைப் பற்றி 1921இல் அவர் எழுதினார். அறுவைகளை மாதவிலக்கு நாட்களை ஒட்டி அமைத்துக்கொண்டது அவருடைய தனித்தன்மை: அந்நாட்களில் வயிற்றைத் திறந்தால், கருப்பைக்கு வெளியே ஒட்டியிருந்த சின்னஞ்சிறு திட்டுகளும் கசிந்துகொண்டிருப்பதை நேரில் பார்க்கலாம். கருப்பையின் பின்புறத்தோடு ஒட்டிப் பிணைந்திருந்த கட்டியைப் பிரிக்கும்போது அது கிழிந்து, கெட்டியான பழுப்புக் குழம்பு வழியும். ‘சாக்லேட் கட்டி’ என்று ஸ்கேன் மையங்களில் இன்றும் சொல்லப்படுவது இதுவே. மாதவிலக்கு இரத்தத்தின் ஒரு பகுதி கருக்குழாய் வழியே பின்னோக்கிச் சென்று வயிற்றுக்குள் பதிந்து வளர்கிறது என்ற கொள்கையை 1927இல் அவர் விரித்துரைத்தார். கருக்குழாய் அடைபடாத பெண்களில் சுமார் 90 சதவீதத்தினருக்கு இத்தகைய பின்னோட்டம் இருப்பதாக 1984இல் ஹால்மே குழுவினர் காட்டியபோது கொள்கை வலுப்பட்டது, கேள்வியும் கூடியது. ஏறக்குறைய எல்லோருக்கும் பின்னோடுகிறதென்றால் பத்தில் ஒருவருக்கு மட்டும் ஏன் வேர்பிடிக்கிறது? வயிற்று உறையின் அணுக்களே உருமாறுகின்றன என்ற ராபர்ட் மேயரின் கருத்தும், நிணநீர் வழியே பரவுகிறது என்ற ஹல்பானின் கருத்தும் இதனால்தான் வழக்கொழியவில்லை.

1930களிலும் 40களிலும் பாஸ்டனைச் சேர்ந்த மெய்க்ஸ், தாமதத் திருமணமும் குறைந்த குழந்தைப்பேறும் இந்நோய்க்குக் காரணம் என்றார். ‘கல்யாணம் ஆனா சரியாயிடும், ஒரு பிள்ளை பெத்தா வலி போயிடும்’ என்று நம் ஊர்களில் பெண்ணுக்குச் சொல்லப்படும் ஆறுதலும் அதே திசையில்தான் செல்கிறது. அதில் உண்மையே இல்லை என்று தள்ளிவிட முடியாது: கர்ப்பமும் தாய்ப்பாலூட்டலும் மாதவிலக்கை நிறுத்திவைப்பதால் பலருக்கு வலி தணிகிறது. ஆனால் தணிவது வேறு, தீர்வது வேறு. கருத்தரிக்கவே இயலாதவருக்கு அந்த அறிவுரை எவ்விதத்திலும் உதவாது. கட்டணம் செலுத்தி வந்தவர்களிடம் நோய் மிகுதி என்ற மெய்க்ஸின் கணக்கு, அறுவை மேசைவரை வர வசதியுள்ளவர் யார் என்பதையும் சேர்த்தே காட்டியது. நம் நாட்டில், சிறு துளை வழியே வயிற்றுக்குள் பார்க்க உதவும் லேப்ராஸ்கோப் கருவி ஊரகப் பெண்களின் வயிற்றுக்குள் பேரளவில் நுழைந்தது குடும்பக் கட்டுப்பாட்டு முகாம்கள் வழியேதான். பிள்ளை போதும் என்றவரின் கருக்குழாயில் வளையம் இட்டுவிட்டு அது வெளியேறிவிடும். பிள்ளை வேண்டும் என்றவரின் வலியைத் தேட அது அந்த அளவுக்குப் பயன்படவில்லை.

குழந்தைப்பேற்றை இந்நோய் மூன்று வழிகளில் தடுக்கிறது. ஒட்டுத் தழும்புகள் கருக்குழாயை வளைத்து முட்டையைப் பிடிக்கவிடாமல் செய்கின்றன. சூலகக் கட்டி முட்டை இருப்பைக் குறைக்கிறது. வயிற்றுக்குள் நீடிக்கும் அழற்சி விந்தணுவையும் முட்டையையும் கருவையும் பாதிக்கிறது. ஆயினும் நோய் இருந்தாலே மலடு என்பது தவறு. பாதிக்கப்பட்டோரில் 30 முதல் 50 சதவீதத்தினருக்கே கருத்தரிப்பதில் சிக்கல் எனப்படுகிறது. வலியின் கடுமைக்கும் நோயின் பரப்புக்கும் நேர்விகிதம் கிடையாது. ஹார்மோன் மாத்திரைகள் வலியைக் குறைக்கும், கருத்தரிப்பைக் கூட்டா. அறுவையின் பயனில் கருத்து வேறுபாடு தொடர்கிறது. 1997இல் வெளியான கனடிய ஆய்வில் 36 வாரங்களில் அறுவை பெற்றோரில் 30.7 சதவீதத்தினரும் பெறாதோரில் 17.7 சதவீதத்தினரும் கருவுற்றனர். 1999இல் வந்த, அதைவிடச் சிறிய இத்தாலிய ஆய்வில் அப்பயன் தென்படவில்லை. கட்டியை அகற்றும்போது நல்ல முட்டைகளும் போய்விடக்கூடும் என்பதால் மறு அறுவைக்கு மருத்துவர்கள் தயங்குகின்றனர்.

கருக்குழாயைத் தவிர்த்துச் செல்லும் சோதனைக்குழாய் முறை 1978இல் கொல்கத்தாவில் சுபாஷ் முகர்ஜியாலும், 1986இல் மும்பையில் இந்திரா ஹிந்துஜா, ஆனந்த் குமார் குழுவினராலும், 1990இல் சென்னையில் கமலா செல்வராஜாலும் வெற்றிகண்டது. இம்முறையை முறைப்படுத்தும் சட்டம் 2021இல் வந்தது. நோயை உறுதிப்படுத்த லேப்ராஸ்கோப்பி கட்டாயமன்று, ஸ்கேனும் அறிகுறிகளும் கொண்டே மருத்துவம் தொடங்கலாம் என்று 2022இல் ஐரோப்பிய வழிகாட்டி ஏற்றது. அதே ஆண்டில் அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது.

முன்கூட்டிக் கண்டறிந்தாலும் பிள்ளை நிச்சயமில்லையே, பிறகு எதற்குத் தேடல் என்று கேட்கலாம். தேடலின் பயன் காலத்தில் இருக்கிறது. ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரிக்காட்டு வேலைக்கு மாதத்தில் மூன்று நாள் போக முடியாத பெண்ணிடம் வலியைப் பற்றி விசாரித்து ஸ்கேன் எடுத்து, அவர் குழந்தை வேண்டி வரும்போது கணவருக்கும் உடனே விந்துப் பரிசோதனை செய்தால், வீணாகும் ஆண்டுகள் மிச்சமாகும். கட்டி ஒரே அளவாயினும் 25 வயதில் காத்திருக்கலாம். 38 வயதில் காத்திருத்தலே இழப்பு. வயதைப் பார்த்து வழியைத் தேர வேண்டுமென்றால், ஆரம்ப சுகாதார நிலையத்து நோயாளிச் சீட்டில் ‘வயிற்றுவலி’ என்பதோடு எழுத்து நின்றுவிடக் கூடாது.