இரணைதீவு யாருடைய கரை?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை எங்கள் பழைய மாணவர் ஒருவர் ஒரு காணொளி அனுப்பியிருந்தார. வெள்ளை மணல், அடி தெரியும் கடல், காற்றில் ஆடும் தென்னைகள். "வன்னியில் யாருக்கும் தெரியாத ஆளில்லாத் தீவு" என்று மேலே எழுதியிருந்தது. "சேர், இது எங்க இருக்கு? எல்லாரும் ஒருக்கா போவமே?" என்று கேட்டிருந்தார். கரையைப் பார்த்ததுமே இடம் விளங்கிவிட்டது. இரணைதீவு. நாங்கள் போய் வந்த இடம். அதை ஆளில்லாத் தீவு என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அந்த மாணவருக்கு எழுதத் தொடங்கிய பதில்தான் இப்படி நீண்டுவிட்டது.

கனகராயன்குளத்தவருக்கு 'இரணை' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கத்து கனகராயன் ஆறு போய்ச் சேருகிற குளம் இரணைமடு. இரட்டைப் பிள்ளைகளை எங்கள் பெரியவர்கள் இரணைப் பிள்ளைகள் என்பார்கள். அதே போல அருகருகே கிடக்கும் இரண்டு தீவுகள் இரணைதீவு. ஒன்று பெருந்தீவு, மற்றது சிறுதீவு. கிளிநொச்சி மாவட்டத்தின் பூநகரிப் பிரதேசத்துக்கு உட்பட்டவை. மேற்குக் கடலில், மன்னாருக்கும் யாழ்ப்பாணத் தீவுகளுக்கும் இடையில் இருக்கின்றன. பாலம் இல்லை. படகை விட்டால் போக வேறு வழியும் இல்லை.

ஒரு ஏப்ரல் விடுமுறையில், கடல் அடங்கியிருக்கும் நாட்களில், ஆசிரியர்கள் ஆறு பேர் போனோம். மூவர் முஸ்லிம்கள், இருவர் கத்தோலிக்கர், ஒருவர் சைவர். விடியற்புறம் ஏ9 வீதியால் மாங்குளம் போய், மேற்கே திரும்பி, மல்லாவி, துணுக்காய் தாண்டி வெள்ளாங்குளத்தில் மன்னார் வீதியைப் பிடித்தோம். அங்கிருந்து வடக்கே முழங்காவில். பிறகு கடற்கரையில் இரணைமாதாநகர். அந்தப் பெயரைக் கவனியுங்கள். தீவை விட்டு வந்தவர்கள் வாழும் ஊர் தீவின் பெயரையே சுமந்துகொண்டிருக்கிறது. அங்குள்ள கடற்தொழிலாளர் ஒருவரின் பைபர் படகில் ஏறினோம்.

தீவை நெருங்கும்போது தண்ணீர் மட்டம் குறைந்து, இயந்திரத்தைத் தூக்கிவிட்டுக் கோலால் தாங்கிப் போனார்கள். இடுப்பளவு தண்ணீரில் பெண்கள் குனிந்து நடந்துகொண்டிருந்தார்கள். குளிக்கிறார்கள் என்று எங்களில் ஒருவர் நினைத்தார். இல்லை, கடலட்டை பொறுக்குகிறார்கள். இந்தத் தீவில் பெண்களுக்கும் கடல் தொழில் இடம். படகும் இயந்திரமும் இல்லாமலே அவர்கள் கையால் உழைக்கக்கூடிய ஆழங்குறைந்த கடல் இது. மணலில் நண்டு வலைகள் காய்ந்தன. மாதா கோயில் நின்றது. அதைச் சுற்றிக் கூரை இல்லாத வீடுகள், சுவரைப் பிளந்து வளர்ந்த மரங்கள், கிணறுகள், பழைய பாடசாலைக் கட்டடம். எங்கு போனாலும் பாடசாலையைத்தான் ஆசிரியர்களின் கண் முதலில் தேடும். கொஞ்ச நேரம் அந்தச் சுவரோரமே நின்றோம்.

இந்த வீடுகள் எப்படி இப்படி ஆயின?

1992இல், யுத்தம் உச்சத்தில் இருந்தபோது, இரணைதீவு மக்கள் தீவை விட்டு வெளியேறினார்கள். தலைமுறைகளாகக் கடலும் தென்னையும் ஆடு மாடுமாக வாழ்ந்தவர்கள் எதிர்க்கரையில் இடம்பெயர்ந்தோர் ஆனார்கள். 2009இல் யுத்தம் முடிந்தது. வன்னியின் மற்றக் கிராமங்களுக்கு மக்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினார்கள். இவர்களால் முடியவில்லை. தீவில் கடற்படை இருந்தது. மனுக் கொடுத்தார்கள், அலுவலகங்களுக்கு ஏறி இறங்கினார்கள். 2017 மே மாதம் இரணைமாதாநகரில் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். முன்னணியில் இருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஏறத்தாழ ஒரு வருடம் இருந்தும் முடிவு வரவில்லை.

2018 ஏப்ரல் 23ஆம் திகதி அவர்கள் காத்திருப்பதை நிறுத்தினார்கள். படகுகளில் வெள்ளைக் கொடி கட்டி, அனுமதி கேட்காமல் தங்கள் தீவுக்குப் போய் இறங்கினார்கள். மாதா கோயிலில் செபித்துவிட்டு அங்கேயே தங்கினார்கள். யாரும் ஆயுதம் எடுக்கவில்லை, கல் எறியவில்லை. அடுத்த மாதம் அதிகாரிகள் தீவுக்கு வந்து, அவர்கள் அங்கே வாழலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். 26 வருடங்களுக்குப் பிறகு தங்கள் கரையைத் தாங்களே மீட்டார்கள்.

இனி எங்கள் சமூகத்தின் கதைக்கு வருகிறோம். தீவின் கதையோடு அது ஒரு புள்ளியில் வந்து முட்டுகிறது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி கொடுக்கப்பட்டது இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டிப் பக்கத்து மக்கள் படகுகளில் ஏற்றப்பட்டுக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். பச்சைக் குழந்தைகளோடும் வயதானவர்களோடும் கடந்த கடல் அது. அவர்களும் பெயரைக் கையோடு கொண்டுபோனார்கள். புத்தளம் நாகவில்லில் இன்றும் ஓர் எருக்கலம்பிட்டி இருக்கிறது, அந்தப் பெயரில் பாடசாலையும் இருக்கிறது. இரணைமாதாநகரில் அந்த ஊர்ப் பெயரை வாசித்தபோது எங்கள் மூவருக்கும் ஒரே நினைப்பு வந்தது, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பக்கத்து நாச்சிக்குடாவிலும் முஸ்லிம்கள் வாழ்ந்தார்கள், அவர்களும் அந்த வருடமே வெளியேறியவர்கள்.

2020இல் கொரோனா வந்தது. இறந்தவர்களை அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், இந்த நாட்டில் எரிக்க மட்டுமே முடியும் என்று ஏப்ரலில் வர்த்தமானி வந்தது. நிலத்தடி நீர் பழுதாகிவிடும் என்பதே சொல்லப்பட்ட காரணம். அந்த டிசம்பரில் பிறந்து 20 நாளே ஆன ஒரு பிள்ளையும் எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வேலியில் எல்லா இனத்தவரும் வெள்ளைத் துணி கட்டினார்கள். 2021 பெப்ரவரியில் நடந்த பொத்துவில் முதல் பொலிகண்டி வரையான பேரணியில், காணி, காணாமல் ஆக்கப்பட்டோர் என்ற கோரிக்கைகளோடு கட்டாய எரிப்பை நிறுத்து என்ற கோரிக்கையும் இருந்தது. தமிழரும் முஸ்லிமும் சேர்ந்தே நடந்தார்கள். பெப்ரவரி 25ஆம் திகதி அடக்கம் செய்ய அனுமதித்து வர்த்தமானி வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று மூச்சு விட்டோம்.

ஒரு கிழமை கூட ஆகவில்லை. மார்ச் 2ஆம் திகதி அரசாங்கம் இடத்தை அறிவித்தது: இரணைதீவு.

யோசித்துப் பாருங்கள். கொழும்பில் ஒரு வாப்பா மௌத்தானால், ஜனாஸா 300 கிலோமீற்றருக்கு மேல் வந்து, பிறகு படகேறிக் கடல் கடக்க வேண்டும். கபுறைப் பார்க்கப் பிள்ளைகள் எப்போது, எப்படிப் போவார்கள்? மறுபுறம், மூன்று வருடத்துக்கு முன்தான் தங்கள் மண்ணுக்குத் திரும்பிய மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வரைபடத்தில் அது தூரத்தில் கிடந்த ஒரு புள்ளி. ஆளில்லாத இடம் என்று யாரோ ஒருவர் கைவைத்திருக்க வேண்டும்.

மறுநாளே தீவு மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்தப் படங்கள் எங்கள் வட்சப் குழுக்களுக்கு வந்தபோது நடந்ததை மறைக்கக்கூடாது. "செத்த பிறகும் எங்களுக்கு இடம் தர மாட்டார்களா" என்று எங்கள் ஆட்கள் எழுதினார்கள். நாங்களும் அதைப் பார்த்துக் கொதித்தோம். 1990ஐயும் இதையும் ஒன்றாக முடிச்சுப் போட்டவர்களும் இருந்தார்கள். ஒருநாள் முழுக்க அந்தக் கோபம் ஓடியது. பல முஸ்லிம் அமைப்புகளும் பிரதிநிதிகளும் இந்தத் தெரிவை எதிர்க்கத் தொடங்கிய பிறகுதான், ஒரே அறிவிப்பால் இரண்டு சமூகங்களும் காயப்பட்டிருப்பது எங்களுக்கு விளங்கியது. மார்ச் 5ஆம் திகதி மட்டக்களப்பு மாவட்டம் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. பிறகு அங்கே 3000க்கும் மேற்பட்டவர்கள் அடக்கப்பட்டார்கள், மற்ற மதத்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள். கட்டாய எரிப்புக்கு மன்னிப்புக் கேட்க அமைச்சரவை 2024 ஜூலையில்தான் முடிவெடுத்தது.

அந்தக் கோபத்தின் மிச்சம் எங்களுக்குள் இருந்தது என்பது தீவில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. லுஹர் தொழ நிழல் தேடிக்கொண்டிருந்தோம். வலை தெரிந்துகொண்டிருந்த ஒரு அம்மா தன் கொட்டிலில் பாய் விரித்துத் தந்தார், வுழூ செய்யக் கிணற்றில் தண்ணீரும் அள்ளித் தந்தார். தொழுது முடிய, தேத்தண்ணீரைத் தந்துகொண்டே அவராகவே சொன்னார்:

"தம்பியவை, அண்டைக்கு உங்கட ஆக்கள வேண்டாமெண்டு நாங்கள் சொல்லேல்ல. எங்களைக் கேக்காமல் செய்ததைத்தான் வேண்டாமெண்டனாங்கள். நாங்களும் எங்கட அப்பு ஆச்சியின்ர சேமக்காலையைப் பாக்க இருபத்தாறு வருசம் அலைஞ்ச ஆக்கள். உங்கட பிள்ளையளையும் அப்பிடி அலைய விடலாமோ?"

எங்களில் யாருக்கும் உடனே பேச்சு வரவில்லை. தேத்தண்ணீரைக் குடித்தோம். வரும்போது அவருடைய பேரப்பிள்ளை எதிர்க்கரையில் படிப்பதாகச் சொன்னார். படிப்புக்காகவும் மருந்துக்காகவும் குடும்பங்கள் இரண்டு கரையிலும் காலை வைத்து வாழ வேண்டியிருக்கிறது. திரும்பி வருவது ஒருநாள் வேலை இல்லை என்று வடக்கு முஸ்லிம்களுக்குச் சொல்லித் தர வேண்டுமா? மீள்குடியேற வந்து, பாடசாலையும் தொழிலும் இல்லாமல் புத்தளத்துக்கே திரும்பிய குடும்பங்கள் எங்களுக்குள்ளும் எத்தனையோ.

ஆகவே, அன்பு மாணவரே, போவோம். ஆனால் முதலில் இரணைமாதாநகரில் ஊராரிடம் கேட்போம். அவர்களுடைய படகிலேயே போய், கூலியைப் பேரம் பேசாமல் கொடுப்போம். பெண்கள் தொழில் செய்யும் கடலில் படம் எடுக்குமுன் அவர்களிடம் கேட்போம். கொண்டுபோகும் போத்தலையும் பொலித்தீனையும் திரும்பக் கொண்டுவருவோம். இடிந்த வீடுகளை அழகான பின்னணி என்று நினைத்துச் சுவரில் ஏறி நிற்க வேண்டாம். அது ஒருவருடைய குசினி.

காணொளியை அனுப்பியவரிடம் அந்தத் தலைப்பையும் மாற்றச் சொல்லுங்கள். 1992க்கும் 2018க்கும் இடையில் கூட அந்தத் தீவுக்கு ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் எதிர்க்கரையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரணைதீவைப் பற்றியோ 1990 பற்றியோ உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஞாபகம் இருந்தால் கேட்டு எழுதி வையுங்கள். எங்கள் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் இவை இல்லை. வஸ்ஸலாம்.