உயரும் அணையும் மூழ்கும் நிலமும்: அஸ்வான் தரும் பாடம்

கட்டி முடித்த அணையின் உயரத்தைக் கூட்டுவது பொறியாளருக்கும் கருவூலத்துக்கும் ஒருசேரப் பிடித்த வழி. புது இடம் தேட வேண்டியதில்லை; கால்வாய்களும் ஏற்கெனவே உண்டு. ஆதாயமும் சிறிதன்று. பள்ளத்தாக்கு மேலே செல்லச் செல்ல அகல்வதால், அணையின் அடிப்பகுதியில் ஒரு மீட்டர் கொள்வதைப்போல் பன்மடங்கு நீரை உச்சியில் ஒரு மீட்டர் கொள்ளும். நைல் ஆற்றில் 1902இல் நிறைவடைந்த அஸ்வான் அணை முதலில் சுமார் 100 கோடி கன மீட்டர் நீரைத் தேக்கியது. 1912இல் 5 மீட்டர் உயர்த்தியதும் கொள்ளளவு ஏறத்தாழ 240 கோடியானது. 1933இல் மேலும் 9 மீட்டர் உயர்த்தியபின் 500 கோடியை எட்டியது. ஆனால் நீர் மிகுதியாகச் சேரும் அதே உயரத்தில்தான் நிலமும் மிகுதியாக மூழ்குகிறது. ஆகவே உயர்த்தும் பணியைப் பழைய அணையின் திருத்தவேலையாகக் கருதாமல், புதிய அணையாகவே எடைபோட வேண்டும்.

அஸ்வான் வரலாறு இதை உறுதிப்படுத்துகிறது. பொறியாளர் வில்லியம் வில்காக்ஸ் முதலில் வகுத்த திட்டம் இன்னும் உயரமானது. ஃபிலே தீவுக் கோயில்கள் மூழ்கும் என்று எழுந்த எதிர்ப்பால் உயரம் குறைக்கப்பட்டது. பத்தே ஆண்டுகளில் அந்த உடன்பாடு கரைந்தது. 1912இன் உயர்வு, முன்பு கைவிட்ட கொள்ளளவையே ஏறத்தாழ மீட்டுத் தந்தது. மூழ்கவிருந்த தொல்லிடங்களை ஆராய 1907இல் தொல்லியலாளர் ஜார்ஜ் ரைஸ்னர் தலைமையில் கள ஆய்வு தொடங்கியது. அணைக்கு மேலே ஆற்றங்கரையில் வாழ்ந்த நூபிய மக்களுக்கோ ஒவ்வொரு உயர்வும் கரையோர வயல்களையும் பேரீச்சந்தோப்புகளையும் பறித்தது. வீடுகள் மேட்டுக்கு நகர்ந்தன, ஆண்கள் பிழைப்புத் தேடி நகரங்களுக்குச் சென்றனர். இழப்பு தவணை தவணையாக வந்ததால், அதன் மொத்தக் கணக்கு ஒருமுறையும் சபையேறவில்லை.

எகிப்தின் கோடைப் பாசனத்துக்கும் பருத்திக்கும் அந்த நீர் தேவைப்பட்டதே என்று கேட்கலாம். தேவை உண்மை, ஆனால் அதற்கான விலையை யார் தருவது என்ற கேள்விக்கு அது விடையாகாது. இதனினும் வலுவான மறுப்பு ஒன்றுண்டு: பழைய அணை வெள்ளக்காலத்தில் தன் 180 மதகுகளையும் திறந்து வண்டலை வயல்களுக்கு அனுப்பியது, 1970இல் முடிந்த உயர் அணையோ அதைத் தடுத்துவிட்டது. எனவே புதிய அணையைவிட உயர்த்துவதே மேல் என்பர். வண்டலைப் பொறுத்தவரை இது சரியே. ஆயினும் ஓராண்டின் நீரை அடுத்த பருவத்துக்கு வைத்திருப்பதே பழைய அணையின் எல்லை. 1946 வெள்ளம் அணையின் உச்சியை நெருங்கியபின், மூன்றாம் முறை உயர்த்தாமல் புதிய அணையே தேர்ந்தெடுக்கப்பட்டது. முதல் கல் நாட்டும்போதே அணை எட்டக்கூடிய இறுதி உயரத்தையும், அம்மட்டத்தில் மூழ்கும் ஊர்களையும், இழப்பீட்டையும் அறிவித்துவிட்டால், பின்வரும் எந்த உயர்வும் சிறு மாற்றம் என்ற பெயரில் நுழைய முடியாது.