செட்டிநாட்டுக் கொட்டானும் நெகிழித் தடையும்

காரைக்குடியையும் அதைச் சூழ்ந்த ஊர்களையும் கொண்ட செட்டிநாட்டில், பனங்குருத்தோலையை வெயிலில் உலர்த்தி, மெல்லிய கீற்றுகளாகக் கிழித்து, சிலவற்றுக்குச் சாயமேற்றி முடையும் கூடைக்குக் கொட்டான் என்று பெயர். நகரத்தார் வீட்டு ஆச்சிமார் ஓய்வுநேரங்களில் தம் கையாலேயே இவற்றை முடைந்து, கம்பளி நூலும் மணியும் கோத்து அலங்கரித்தனர். திருமணச் சீர் வைக்கவும், கோயிலுக்குப் பூவும் பழமும் கொண்டுசெல்லவும், விருந்தினருக்குப் பலகாரம் கொடுத்தனுப்பவும் அவை பயன்பட்டன. சூழல் காக்கும் நோக்கம் எதுவும் அவர்களுக்கு இருந்ததில்லை; வறண்ட நிலத்தில் பனை தாராளமாகக் கிடைத்ததே காரணம் எனலாம்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எவர்சில்வரும் அதன்பின் நெகிழியும் (பிளாஸ்டிக்) மலிவாகக் கிடைத்தபோது, முடையும் கைகள் குறைந்து, இக்கலை மறையும் நிலையை எட்டியது. பின்னர் ஒரு பண்பாட்டு அறக்கட்டளை கிராமப் பெண்களுக்குப் பயிற்சியளித்து இதனை மீட்டது. கொட்டானுக்குப் புவிசார் குறியீடும், அதாவது ஊர்ப்பெயரோடு இணைந்த பொருளுக்கான சட்டப் பாதுகாப்பும், கிடைத்தது.

நெகிழிக்கு எதிரான அரசின் கொள்கை இதற்குப் பிறகே வந்தது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாடு அரசு 2018 ஜூனில் தடையை அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தியது; 2021 டிசம்பரில் துணிப்பையை மீட்கும் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. ஆயினும் பால், எண்ணெய் போன்றவற்றின் உறைகளுக்குத் தொடக்கத்தில் விலக்களிக்கப்பட்டதால், சமையலறை நெகிழிக் குப்பையில் ஒரு பகுதி தடைக்கு வெளியே நின்றது. கொட்டானோ இன்று பெரும்பாலும் திருமணத் தாம்பூலப் பையாகவும் பரிசுப் பொருளாகவுமே விற்கிறது. கையால் முடைவதால் அதன் விலை, அன்றாடக் கடைத்தெருவில் நெகிழிப் பையோடு போட்டியிட இடந்தருவதில்லை.